சிலிகா மீண்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

சீரழிந்த ஏரிகளை மீட்பது பற்றி நம் நாட்டில் எங்கே பேச்சு எழுந்தாலும், சற்று நேரத்தில் இரண்டு எண்கள் வந்து நிற்கும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 1999-2000ஆம் ஆண்டில் பிடிபட்ட மீன், இறால், நண்டு எல்லாம் சேர்ந்து 1,745 டன். 2001-02இல் அது 11,989 டன். இடையில் நடந்த பெரிய காரியம், 2000 செப்டம்பர் 23 அன்று ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவிலிருந்த மணல் திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்ததுதான். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும்போதெல்லாம் எங்கள் பகுதிக் கூட்டங்களில் நானும் இந்த எண்களை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எண்களில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஏரி மீண்டுவிட்டது என்று முடிவு கட்டலாமா என்பதில்தான் மனம் அமைதி கொள்ள மறுக்கிறது.

அந்த அமைதியின்மைக்குக் காரணமானவர் ஓர் இளைஞர். சில ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்தேன். இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் எது என்று கேட்டதற்கு, பூரி மாவட்டத்தில் சிலிகாக் கரையிலுள்ள ஒரு மீனவக் கிராமம் என்றார். எனக்கு உண்டான மகிழ்ச்சியில் புதிய முகத்துவாரம், ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் விருது, பெருகிய மீன்வளம் என்று நான் அறிந்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில், “மீன் இருக்கு சார், எறாலும் நெறைய இருக்கு. வலை போடத்தான் எங்களுக்கு எடம் இல்ல” என்றார். தந்தை இன்னமும் படகில் போகிறாராம். அந்த வருமானம் வீட்டுக்குப் போதாததால் அண்ணன் சூரத்துக்கும் தான் இங்கேயுமாக வந்துவிட்டதாகச் சொன்னார். பழவேற்காடு அங்கிருந்து அதிக தூரமில்லை. ஓர் உவர்நீர் ஏரியில் பிறந்து வளர்ந்தவர் இன்னோர் உவர்நீர் ஏரியின் அருகே இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார்.

மணல் அடைத்த வாய்

சிலிகாவின் நோய் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க ஏரியை விட்டு வெளியே வர வேண்டும். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, கோடையில் 900 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும் ஏரி அது. வடக்கிலிருந்து மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி, நூனா ஆகியவை நன்னீரைக் கொண்டுவருகின்றன. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளிலிருந்து சிற்றாறுகளும் ஓடைகளும் இறங்குகின்றன. ஏரியையும் சேர்த்து 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இந்த வடிநிலத்தில் காடு குறையக் குறைய, மழை கழுவிக் கொண்டுவந்த மண் ஏரியின் அடியில் படிந்தது. மகாநதியின் குறுக்கே 1957இல் முடிந்த ஹிராகுட் அணையும் அதன் கீழே எழுந்த தடுப்பணைகளும் வெள்ளம் வரும் காலத்தையும் வேகத்தையும் மாற்றிவிட்டன. பழைய வெள்ளங்கள் ஏரியைக் கலக்கி, படிந்ததில் ஒரு பகுதியைக் கடலுக்குத் தள்ளிவந்தன. அந்த வேலையைச் செய்யப் பின்னாளில் யாரும் இல்லை.

கடல் பக்கத்திலிருந்து வந்த துன்பம் வேறு. ஒடிசாக் கரையை ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் மணல் வடகிழக்கு நோக்கி நகர்கிறது. இந்த மணல் ஏரியின் வாயை ஆண்டுதோறும் வடக்கே தள்ளிக்கொண்டு போய், கடைசியில் அரக்ககுடா அருகே நிறுத்தியது. அதனால் ஏரியையும் கடலையும் இணைக்கும் கால்வாய் கரைக்கு இணையாக நீண்டு, தூர்ந்து, குறுகிப்போனது. கடலில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஓதத்தின் விசை, நெடுந்தூரக் கால்வாயில் உராய்ந்து உராய்ந்து, ஏரியின் நடுப்பகுதியை எட்டும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும். உப்புத்தன்மை குறைந்த வடபகுதியில் நாணலும் ஆகாயத்தாமரையும் நீரடிச் செடிகளும் மண்டின. மடவை ஏரியில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். இறாலின் குஞ்சுகள் கடலில் பிறந்து ஏரிக்குள் வந்து வளர்பவை. வாய் தூர்ந்தால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். 1980களின் நடுவில் 8,000 டன்னுக்கு மேல் இருந்த மீன்பாடு 1990களின் இறுதியில் 2,000 டன்னுக்கும் கீழே போனதற்கு இதுவே முதன்மைக் காரணம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1981இல் இடம்பெற்ற சிலிகா, 1993இல், இயல்பு கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அந்தச் செப்டம்பர் நாள்

1991இல் ஒடிசா அரசு அமைத்த சிலிகா வளர்ச்சி ஆணையம் என்ன செய்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மதிப்புக் குறைவதில்லை. ஏரியைத் தூர்வாருவதே தீர்வு என்று உடனே இறங்கியிருக்கலாம். நம் ஊர்களில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அவர்களோ புனேயிலுள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தையும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தையும் கொண்டு, ஏரிக்குள் நீர் எப்படி ஓடுகிறது, உப்பு எங்கே குறைகிறது, எந்த இடத்தில் வாய் திறந்தால் ஓதம் எவ்வளவு உள்ளே வரும் என்பதை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வின்படி சிபகுடா என்னும் இடத்தில் மணல் திட்டை வெட்டினால் கடலுக்குப் போகும் வழி 18 கிலோமீட்டர் குறையும்.

2000ஆம் ஆண்டில் செப்டம்பர் 23ஐத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. பருவமழையால் ஏரி நிறைந்திருக்கும் மாதம் அது. நிறைந்த ஏரி புதிய வாய் வழியாகக் கடலை நோக்கிப் பாயும்போது, மனிதர் வெட்டிய சிறிய இடைவெளியை நீரே அரித்து அகலப்படுத்திக்கொள்ளும். அங்கே அணையோ கதவோ கான்கிரீட்டோ எழும்பவில்லை. நீரின் வழியிலிருந்த 18 கிலோமீட்டர் உராய்வை விலக்கிவிட்டு, மீதியை நீரிடம் விட்டார்கள். இயற்கையோடு மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கை அறிந்து செய்த பொறியியல் என்று இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். கடல்நீர் உள்ளே வரத் தொடங்கியதும் உப்புத்தன்மை சீரானது, நன்னீர்க் களைகள் பின்வாங்கின, அந்த ஓதத்தோடு குஞ்சுகளும் வந்தன. 2002இல் மான்ட்ரூ பதிவேட்டிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஆசியாவில் அப்படி நீக்கப்பட்ட முதல் ஈரநிலம் அதுவே. ராம்சார் ஈரநிலப் பாதுகாப்பு விருதும் அதே ஆண்டில் ஆணையத்துக்குக் கிடைத்தது. ஐராவதி ஓங்கில்கள் (டால்பின்கள்) இன்று சுமார் 150 என்ற எண்ணிக்கையில் அங்கே வாழ்கின்றன.

இந்த வெட்டுக்குக் கிடைத்த புகழின் நிழலில் மறைந்துபோன பணிகளும் உண்டு. மேற்குச் சரிவுகளில் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டி, மரம் வளர்த்து, மண் இறங்குவதைக் குறைக்கும் வேலையை ஆணையம் செய்தது. கட்டக் அருகே மகாநதியின் கிளையான காதஜோடியின் குறுக்கே நராஜ் தடுப்பணை எழுந்தபோது, சிலிகாவுக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு நன்னீர் போய்ச் சேர வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். என் கணிப்பில் முகத்துவாரத்தைவிட இவையே நெடுநாள் பயன் தரக்கூடியவை. ஏனென்றால் மணல் நகர்வு யாருக்காகவும் நிற்பதில்லை. வெட்டிய வாயும் இடம்பெயர்ந்தது. 2008இல் கபகுண்டா அருகே கடலே இன்னொரு வாயைத் திறந்தது. 2019 மே மாதம் பானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தபோது மேலும் வாய்கள் உண்டாயின. வாயைத் திறப்பது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பராமரிப்பு. மலையிலும் ஆற்றிலும் செய்யும் பணிதான் அந்தப் பராமரிப்புக்குப் பொருள் தருகிறது. ஆற்று நீரின் பங்கு குறித்து ஒடிசாவும் சத்தீஸ்கரும் 2018இல் அமைக்கப்பட்ட மகாநதி நீர்த் தகராறு நடுவர் மன்றத்தில் வழக்காடுகின்றன. சிலிகாவின் வடபகுதி எவ்வளவு உப்பாக இருக்கும் என்பதில் அந்த வழக்கின் முடிவுக்கும் பங்கிருக்கிறது.

வெட்டுக்கு 16 மாதங்களுக்கு முன்பு

கும்மிடிப்பூண்டி இளைஞரின் சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால், பிறகு சிலிகாவுக்குப் போனபோது பறவைகளையும் ஓங்கில்களையும் பார்ப்பதைவிட மீனவர்களிடம் பேசுவதில் நேரம் செலவிட்டேன். ஏரியின் தென்கோடியிலுள்ள ரம்பா பக்கத்தில் தெலுங்கு பேசும் நோலியா மீனவர்கள் இருக்கிறார்கள். எல்லையோர மாவட்டத்துக்காரனான எனக்கு அந்த மொழி கைகொடுத்தது. வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முதியவர், முகத்துவாரம் திறந்தது நல்லதுதான் என்று தொடங்கினார். மடவையும் கொடுவாவும் நண்டும் கூடின என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஓதத்தின் வேகத்தில் உள்ளே வந்த மணல், வாய்க்கு அருகில் இருப்பவர்கள் மரபாக மீன் பிடித்த இடங்கள் சிலவற்றை மூடிவிட்டது என்றும், முன்பு கடலில் மட்டும் பார்த்த கொட்டலசு என்னும் ஓட்டுயிரி இப்போது ஏரியில் ஊன்றிய மூங்கில்களிலும் கயிறுகளிலும் ஒட்டி வலையைக் கிழிக்கிறது என்றும் சொன்னார். பேச்சு ‘கேரி’க்கு வந்ததும் அவருடைய குரல் மாறியது. ஏரியின் ஆழமில்லாத பகுதியை மூங்கிலாலும் வலையாலும் வளைத்து, உள்ளே இறாலை அடைத்து வளர்ப்பதற்குப் பெயர்தான் கேரி. அவர் சிறுவனாக இருந்தபோது படகு விட்ட வழிகளில் பல இப்போது யாரோ ஒருவரின் அடைப்பாகிவிட்டதாகக் கைநீட்டிக் காட்டினார்.

அங்கிருந்து திரும்பிய பிறகுதான் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த செய்திகளே. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. கேவுட்டா, கண்டாரா, தியாரா, நோலியா என்னும் மீனவச் சமூகங்கள், எந்தக் கிராமம் எந்தப் பருவத்தில் எந்த வகை வலையால் எங்கே பிடிக்கலாம் என்பதைப் பல தலைமுறைகளாக வகுத்துவைத்திருந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் அரசிடம் அந்த இடங்களைக் குத்தகைக்கு எடுத்துவந்தன. 1980களில் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தையில் விலை ஏறியது. அதுவரை ஏரியில் இறங்காதவர்களும் பணத்தோடும் ஆள் பலத்தோடும் இறங்கினார்கள். 1991இல் வந்த குத்தகைக் கொள்கை, பிடிப்புக்கு ஒரு பங்கு, வளர்ப்புக்கு ஒரு பங்கு என்று ஏரியைப் பிரித்து, மீனவர் அல்லாதவர்களுக்கும் வளர்ப்பில் இடம் கொடுத்தது. அதே காலத்தில் டாடா நிறுவனம் அரசுடன் சேர்ந்து தொடங்கவிருந்த பெரிய இறால் பண்ணையை எதிர்த்து ‘சிலிகாவைக் காப்போம்’ இயக்கம் எழுந்து, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1999 மே மாத இறுதியில், சட்டத்துக்குப் புறம்பான கேரிகளை மீனவர்களே பிடுங்கி எறிந்ததைத் தொடர்ந்து சொரானா கிராமத்தில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

முகத்துவாரம் வெட்டப்பட்டது அதற்குப் பதினாறு மாதங்கள் கழித்து. என் மனத்திலிருந்த முடிச்சு இந்த இடைவெளியில்தான் அவிழ்ந்தது. ஏரி யாருடையது என்ற கேள்வி, உயிர்ப்பலி கண்ட பிறகும், தீர்க்கப்படாமல் கிடந்த நேரத்தில்தான் ஏரியின் வளம் ஏறக்குறைய ஏழு மடங்காகப் பெருகியது. ஏழு மடங்கு மீன் வரும்போது, ஏற்கெனவே அடைப்புப் போட்டு வைத்திருந்தவருக்கு அந்த அடைப்பை விடாமல் பிடித்துக்கொள்ள ஏழு மடங்கு காரணம் கிடைத்தது. பொறியியல் தன் வேலையைக் குறைவறச் செய்தது. அதன் பலன் யாரிடம் போய்ச் சேரும் என்பதை, அது வருவதற்கு முன்பே இருந்த வலிமையின் ஏற்றத்தாழ்வு முடிவு செய்துவிட்டது. பின்னர் ஒடிசா உயர் நீதிமன்றத்தின் ஆணைகளின் பேரில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கேரிகள் அகற்றப்பட்டன. அகற்றிய இடங்களில் மீண்டும் மூங்கில் முளைத்ததாக வந்த செய்திகளும் ஏராளம். இரண்டு லட்சம் பேர் அளவில் நம்பி வாழும் ஏரியில், இதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கிவிட்டு, நீரியலை மட்டும் சுற்றுச்சூழல் மேலாண்மை என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மீனவர் அல்லாத கரையோரக் கிராமத்தார் எல்லாரையும் கொள்ளைக்காரர்களாகக் காட்டுவதும் நேர்மையாகாது. வெள்ளத்தில் நெல்லை இழந்து, கண் முன்னே இறாலில் பணம் புரள்வதைப் பார்த்து இறங்கிய சிறு விவசாயிகளும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வடிநிலத்தில் வேறு பிழைப்பு வழி அமையாமல் ஏரிக்குள்ளிருந்து வெளியேறச் சொன்னால் அந்தச் சொல் நிற்காது. மலைச்சரிவில் மண்ணைக் காக்கும் வேலை, வயலுக்கு நீர், பயிருக்கு விலை ஆகியவை மீனவர்களின் உரிமையோடு இந்த இடத்தில்தான் பிணைந்திருக்கின்றன.

பழவேற்காட்டுக்கு இதில் என்ன

சிலிகாவையும் பழவேற்காட்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்த பெருமை தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் ஒருவரைச் சேரும். கரையோர இறால் பண்ணைகளால் நிலமும் நிலத்தடி நீரும் உப்பாகிப்போவதை எதிர்த்துப் போராடிய எஸ். ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் வளர்ப்புத் தொழிலுக்குத் தடை விதித்ததோடு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள்ளும் அத்தகைய பண்ணை கூடாது என்றது. சொரானாவில் துப்பாக்கி வெடித்தபோது இந்தத் தீர்ப்புக்கு வயது இரண்டரை. காகிதத்தில் இருந்த பாதுகாப்பை நீருக்குள் கொண்டுவர ஆள் இல்லாமல் போனதன் விலை அது.

பழவேற்காட்டில் முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க இருபுறமும் கல் சுவர் அமைக்கும் திட்டத்தை மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள். அந்தக் கோரிக்கையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். அடைபட்ட வாயால் கோடையில் நீர் சூடேறி, உப்பேறி, மீன் செத்து மிதப்பதைப் பார்த்தவர்கள் வேறு நிலை எடுக்க முடியாது. ஆரணி ஆறும் காளாங்கி ஆறும் கொண்டுவரும் நன்னீரின் அளவும் தரமும் பற்றி அதே அக்கறையோடு பேசப்பட வேண்டும் என்பதே என் மனக்குறை. கூடவே, இங்கே சுத்து வலைக்கு இடம் ஒதுக்கும் பாடு முறை இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்று முறை வைத்து ஊரே பங்கிடும் ஏற்பாடு அது. அதற்குள் சாதி வேலியும் உண்டு. பாட்டில் இடமில்லாத தலித், பழங்குடி மீனவர்கள் கையாலும் சிறு வலையாலும் பிடித்து, ஏரியின் வறட்சிக் காலங்களில் முதலில் அடிபடுகிறார்கள். முகத்துவாரம் திறந்து மீன் பெருகினால் அந்தப் பெருக்கம் யாருக்கு எந்த அளவில் என்பதை, பெருகுவதற்கு முன்பே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொள்ள இன்னும் வாய்ப்பு இருக்கிறது. சிலிகாவுக்கு அந்த வாய்ப்பு 1999இல் தவறிப்போனது.

2012இல் சிலிகாவின் நலத்துக்கு ஒரு மதிப்பெண் அட்டை வெளியிடப்பட்டது. நீரின் தரம், மீன்வளம், உயிரினப் பன்மை என்னும் மூன்று தலைப்புகளில் ஏரியின் ஒவ்வொரு பகுதியையும் அளந்து, மொத்தத்தில் ‘பி’ தரம் கொடுத்தார்கள். மக்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி அறிவியலை எழுதிய நல்ல முயற்சி அது. அதில் நான்காவதாக ஒரு தலைப்பைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: ஏரியை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்களில் இந்த ஆண்டு எத்தனை குடும்பங்கள் ஏரியின் வருமானத்தாலேயே வாழ்ந்தன, எத்தனை வீடுகளிலிருந்து பிள்ளைகள் வேறு மாநிலத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள், ஏரிப் பரப்பில் எத்தனை ஏக்கர் அடைப்புக்குள் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, வருவாய்த் துறையில் குத்தகைப் பதிவேடு இருக்கிறது, கேரிகள் செயற்கைக்கோள் படத்திலேயே தெரிகின்றன. மீன் எத்தனை டன் என்று ஆண்டுதோறும் அச்சிடும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த எண்களும் வர வேண்டும்.